கன்னியாகுமரியில் ஒரு முழு நாள்

நம் பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் கன்னியாகுமரிக்குப் புறப்படும் சுற்றுலாப் பேருந்துகளுக்கு ஒரே மாதிரியான நிகழ்ச்சி நிரல்தான். இரவெல்லாம் பாட்டும் கூத்துமாகப் பயணம். விடியற்காலை நான்கரை மணிக்குக் கடற்கரையில் இறங்குவது. தூக்கக் கலக்கத்தில் சூரியோதயம். எட்டு மணிக்குப் படகு வரிசை. விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, அவ்விரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம், பாலத்தில் நின்று புகைப்படம். கரைக்குத் திரும்பிச் சங்குமாலை பேரம். பதினொரு மணிக்கெல்லாம் ஆசிரியரின் விசில்! அப்புறம் சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி... இரண்டு நாளில் ஏழு இடம்.

கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு நானும் இப்படிப் பலமுறை போயிருக்கிறேன். இப்போது எனக்கு வேறு எண்ணம். ஏழு இடங்களில் ஆறை அடித்துவிட வேண்டும். கன்னியாகுமரியில் ஒரு முழு நாள், விடியலிலிருந்து அந்தி வரை, இருக்க வேண்டும். கையில் ஒரு கைக்கடிகாரம், ஒரு மீட்டர் நீளக் குச்சி, கொஞ்சம் நூல், ஓர் அளவுநாடா, ஒரு காந்தம் இருந்தால் போதும்.

முதலில் சூரியோதயம். எல்லாரும் கடற்கரையில் கும்பலாக நின்று பார்க்க வேண்டுமா? பாதிப்பேர் விடுதியின் மொட்டை மாடியில் நில்லுங்கள். மீதிப்பேர் மணலில் உட்காருங்கள். இரு சாராரும் கடிகாரங்களை வினாடி சுத்தமாக ஒத்து வைத்துக்கொண்டு, சூரியனின் முதல் கீற்று தெரியும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாடிக் கட்டடமானால், மேலே இருப்பவர்களுக்குச் சூரியன் 15 முதல் 20 வினாடி முன்னதாகவே உதித்துவிடும்! பூமி உருண்டை என்பதை ஆறாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்து வருகிறோம். அந்த வளைவை இங்கே கடிகாரத்தில் பார்க்கிறோம். (அடிவானத்தில் மேகம் கட்டியிருந்தால் சோதனை பலிக்காது. அதற்கு நான் பொறுப்பல்ல.) இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டுக்கொண்டிருப்பதாக உங்களுக்குத் தோன்றும் நேரத்தில், உண்மையில் சூரியன் முழுவதும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. காற்று மண்டலம் ஒளியை வளைத்து, சுமார் அரைப் பாகை அளவு மேலே தூக்கிக் காட்டுகிறது. சூரியனின் அகலமும் ஏறக்குறைய அதே அரைப் பாகைதான்.

படகு வரிசையில் நிற்கும் நேரமும் வீணல்ல. பீடத்தையும் சேர்த்து வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. அதாவது சுமார் 40.5 மீட்டர். ஓர் அடிக்கோலைக் கண்ணிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் செங்குத்தாகப் பிடியுங்கள். சிலை அதில் 5 செ.மீ. உயரமாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வடிவொத்த முக்கோணங்கள் நினைவிருக்கிறதா? 40.5-ஐ 60-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 486 மீட்டர். நீங்கள் நிற்கும் இடத்துக்கு வேறு அளவு வரும். உங்கள் விடையை நீங்களே காணுங்கள்.

அடுத்தது மணல். கரையில் வண்ண மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். நடக்காமற்போன தேவியின் திருமணத்துக்குச் சமைத்த அரிசியும் பருப்புமே மணலாயிற்று என்பது கதை. கதை அழகானதுதான். ஆனால் மணலின் சொந்தக் கதை அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் சிதைந்து, ஆறுகளால் கடலுக்கு வந்து சேர்ந்த தாதுக்கள் இவை. கறுப்பு, பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு, கார்னெட், வெளிறியது, குவார்ட்ஸ். குவார்ட்ஸ் நீரைப்போல் 2.65 மடங்கு கனம். கார்னெட் ஏறத்தாழ 4 மடங்கு, இல்மனைட் 4.7 மடங்கு. அலை கரையேறும்போது எல்லாவற்றையும் அள்ளி வருகிறது. திரும்பும்போது அதன் வேகம் குறைவு. கனமில்லாததை இழுத்துப் போகிறது, கனமானதை விட்டுப் போகிறது. நம் வீட்டில் முறத்தால் காற்று செய்யும் வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது. ஒரு சிரட்டையில் மணலும் நீரும் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். வெளிறிய மணல் விளிம்பேறி வழிய, கறுப்பு அடியில் தங்கும். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் சில கருமணிகள் ஒட்டும், சில ஒட்டா. ஏன் என்று யோசியுங்கள்.

இந்த வட்டாரத்து மணலில் மோனசைட் என்னும் தோரியத் தாது இருப்பது 1909-இல் தெரிய வந்தது. எப்படித் தெரியுமா? இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் கவனித்தார்! நார் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் அதை உதறியிருப்பார்கள். பிற்காலத்தில் அருகிலுள்ள மணவாளக்குறிச்சியில் ஓர் ஆலையே எழுந்தது.

பகல் 12 மணிக்குக் காந்தி மண்டபத்துக்கு வாருங்கள். 1948 பிப்ரவரியில் காந்தியடிகளின் அஸ்தி கடலில் கரைக்கப்படுமுன் வைக்கப்பட்டிருந்த இடத்தில், ஒவ்வோர் அக்டோபர் 2-ஆம் தேதியும் நண்பகலில் கூரைத் துவாரத்தின் வழியாக வெயில் விழும் என்று வழிகாட்டி சொல்லுவார். எல்லாரும் "ஆகா!" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் நகர்ந்தேன். ஒருநாள்தான் உறைத்தது: சூரியன் தெற்கே போகிற வழியில் கடக்கும் அதே நிலைக்கு, வடக்கே திரும்புகையிலும் வந்தாக வேண்டுமே! செப்டம்பர் சமநாளுக்கு ஒன்பது நாள் பின்னால் இருப்பது அக்டோபர் 2. அப்படியானால் மார்ச் சமநாளுக்கு ஒன்பது நாள் முன்னால், மார்ச் 10, 11 தேதிவாக்கில், வெயில் மறுபடியும் அதே இடத்தில் விழ வேண்டும். அன்று விழாவும் இல்லை, கூட்டமும் இல்லை.

அதுவும் கடிகாரத்தின் 12 மணிக்கு அல்ல. நமது நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. கன்னியாகுமரியோ 77½ பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் 20 நிமிடம் தாமதம். பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால், அக்டோபர் தொடக்கத்தில் பத்து நிமிடம் கழிகிறது. மார்ச்சில் பத்து நிமிடம் கூடுகிறது. ஆகவே அக்டோபரில் 12.10 அளவில், மார்ச்சில் 12.30 அளவில்தான் அங்கே உச்சிப்பொழுது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். எந்த வகுப்பிலும் சுற்றுலாவுக்கு வராத நாலைந்து பேர் இருப்பார்கள். "உடம்பு சரியில்லை", "ஊரில் திருவிழா" என்பார்கள். காரணம் பெரும்பாலும் பணம். ஒன்பதாம் வகுப்பில் 250 ரூபாய் கட்ட முடியாமல் நானும் ஒரு பொய் சொன்னேன். திரும்பி வந்த நண்பன் ஒருவன் வண்ண மணல் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தான். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

அந்த நாலைந்து பேர் இல்லாமல் செய்யவே முடியாத சோதனை ஒன்று உண்டு. உங்கள் ஊர் திருச்சி என்று வைத்துக்கொள்வோம். சுற்றுலா நாளன்று அவர்கள் பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குநூல் பார்த்துச் செங்குத்தாக நடட்டும். நீங்கள் கன்னியாகுமரியில் நடுங்கள். 12 மணியிலிருந்து முக்கால் மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்து, மிகக் குறுகிய நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 என்றால் உங்களுக்குச் சுமார் 21 செ.மீ., அவர்களுக்குச் சுமார் 26 செ.மீ. கிடைக்கும். இரண்டையும் கோணமாக மாற்றினால் வித்தியாசம் ஏறத்தாழ 2.7 பாகை. வரைபடத்தில் திருச்சியின் அட்சரேகைக்கும் கன்னியாகுமரியின் அட்சரேகைக்கும் இடையே நேர் வடக்கு தெற்காக அளந்தால் சுமார் 300 கி.மீ. 2.7 பாகைக்கு 300 கி.மீ. என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? கணக்குப் போடுங்கள், பூமியின் சுற்றளவு வந்து நிற்கும். எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்தது இதுவே. நிழல் அளவில் அரை சென்டிமீட்டர் பிசகினால் விடையில் பத்தில் ஒரு பங்கு பிசகும். பிசகட்டுமே!

"சார், ஊர் பார்க்க வந்த இடத்திலுமா பாடம்?" என்று மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். இதற்கு மதிப்பெண் கிடையாது, ரிக்கார்டு நோட்டு கிடையாது. இரண்டையும் கேட்கும் ஆசிரியர் இருந்தால் இந்தத் திட்டத்தையே விட்டுவிடுங்கள். பிற்பகல் முழுதும் உங்களுடையது. சங்குமாலை வாங்குங்கள், நுங்கு சாப்பிடுங்கள். பாறைகளுக்கிடையே அலை முட்டி மோதும் இடங்களில் மட்டும் இறங்காதீர்கள். அங்கே திரும்பும் நீரின் இழுப்பு, நீச்சல் தெரிந்தவரையும் விடாது.

மாலையில் ஊருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். முதலில் அவர்களுடைய நிழல் எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். உங்களுடையதை அப்புறம் சொல்லலாம்.