நவம்பரில் இன்னொரு சான்றிதழ்

ஒவ்வொரு நவம்பரிலும் சித்தூர், திருப்பதி வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர் வரிசை நீளும். வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதம் அது. 2014இல் மின்னணுச் சான்றிதழ் வந்த பிறகும், கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்றான பிறகும், நேரில் வந்து கையொப்பமிடுவதையே பலர் விரும்புகின்றனர். அவர்கள் உயிரோடிருப்பதை நாம் உறுதி செய்கிறோம். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை.

அதே முகப்பில் வேறொரு காட்சியையும் காண்கிறோம். முதிர்வடைய ஓராண்டோ ஈராண்டோ எஞ்சியிருக்கும் வைப்பை முறித்துத் தருமாறு, தந்தையின் கையொப்பத்தோடு மகனோ மகளோ வந்து நிற்பார்கள். பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, காலில் ஆறாத புண் என்று காரணம் சொல்வார்கள். வட்டி குறையும் என்று எடுத்துரைப்பது நம் கடமை; உரைக்கிறோம். வேலூருக்கோ திருப்பதி ஸ்விம்ஸுக்கோ புறப்படும் அவசரத்தில் அது காதில் விழுவதில்லை. பேச்சுவாக்கில் விசாரித்தால், ‘உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பெரியவர் இரத்த அழுத்த மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருப்பது தெரியவரும். இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே உறுப்புகளைக் கெடுக்கும் நோய் என்பதை அவருக்கு எவரும் புரியும்படி சொல்லவில்லை.

பழக்கங்களுக்கும் வரலாறு உண்டு. இப்பகுதியில் இன்று எழுபதைக் கடந்தவர்களில் பலர் இளமையில் ராகிக் களி உண்டு வயலில் உழைத்தவர்கள். 1983இல் என்.டி. ராமாராவ் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கியது. பசி தீர்த்த திட்டம் அது. அதைக் குறைகூற நமக்கு மனம் வராது. ஆனால் நாளடைவில் மூன்று வேளையும் அரிசியே தட்டை நிறைத்தது. வயதானபின் உழைப்பு நின்றது. சோற்றின் அளவு குறையவில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆவக்காயும் அப்பளமும் பரிமாறப்படும் இலையில் அந்தக் கணக்கு நிற்பது கடினம். (மாம்பழக் காலம் வந்துவிட்டால் சித்தூரில் நீரிழிவைப் பற்றிப் பேசுவாரே இல்லை.) உணவுக்குப்பின் வெற்றிலையோடு புகையிலையும் சேரும்.

ஆண்டு முழுவதும் தெருமுனை வரைகூட நடவாதவர், வேண்டுதலுக்காக ஒரே நாளில் அலிபிரியிலிருந்து 3,550 படிகளை ஏறத் துணிகிறார். அறுபது வயது கடந்தவர்களில் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோயுள்ளோர் நடந்து மலையேற வேண்டாம் என்று 2024இல் திருமலை திருப்பதி தேவஸ்தானமே அறிவுறுத்தியது. அன்றாடம் அரைமணி நேரம் நடப்பதை ஒரு நேர்த்திக்கடனாகக் கொண்டால் ஏழுமலையான் மறுக்கப்போவதில்லை.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பார் சிலர். 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி விரிவுபடுத்தப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. வரவேற்கத்தக்கதே. எனினும் அது மருத்துவமனையில் சேர்ந்தபின் ஆகும் செலவுக்கானது. தினமும் காலையில் விழுங்க வேண்டிய மாத்திரைக்கு அதிலிருந்து பணம் வராது. அந்த மாத்திரையோ மக்கள் மருந்தகத்தில் மலிவாகவும், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. இயந்திரத்திற்குப் பராமரிப்புச் செலவு ஒதுக்காத தொழிலுக்கு நாம் கடன் தர யோசிப்போம். வீட்டுப் பெரியவர் விஷயத்தில் அந்த ஒதுக்கீட்டைத்தான் குடும்பங்கள் முதலில் வெட்டுகின்றன.

ஆகவே நம் கருத்து இது. வாழ்நாள் சான்றிதழுக்கு வரும் நாளிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்பட வேண்டும். அருகிலுள்ள சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியர் நவம்பரில் சில நாட்கள் கிளைக்கு வந்தால் போதும். அளவுகளை ஒரு சீட்டில் எழுதி, உடன்வரும் மகனிடமோ மருமகளிடமோ கொடுத்துவிடலாம். எண்பது நிறைந்தோர் அக்டோபரிலேயே சான்றிதழ் அளிக்கலாம் என்பதால் அவர்களிலிருந்து தொடங்கலாம். ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட நம் கிளைகளில் இடமிருக்கிறது.