சீரியல் போர்ட்டுக்காக கெர்னலைத் தோண்டாதீங்க சாமி!

மக்களே, இது பொட்டி தட்டறவங்களுக்கான பதிவு. மத்தவங்க கோச்சுக்காம கடைசி ரெண்டு பத்தியை மட்டும் படிச்சாலும் போதும் :-)

1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய், 2010ல ஒரகடத்துல ரெனோ-நிசான்னு கார் ஆலைகள் வந்ததுல, அவங்களுக்கு பார்ட்ஸ் செஞ்சு கொடுக்கற யூனிட்டுகளும் இந்தப் பக்கம் ஏகத்துக்கு வந்தாச்சு. வெளியில கண்ணாடி, உள்ளே ரோபோ. ஆனா பார்கோடு ஸ்கேனர், எடை மெஷின் மாதிரி சாமான்கள்ல 1960ல பிறந்த ஆர்எஸ்-232 இன்னமும் உயிரோட இருக்கு.

இதுல ஒரு வியாதி உண்டு. சீரியல் போர்ட்டுல பேசற வேலையை சாதாரண ப்ரோக்ராமா எழுதாம, லினக்ஸ் கெர்னல் மாட்யூலா எழுதறது. கெர்னலுக்குள்ள இருந்துகிட்டே டிடிஒய் ஃபைலைத் திறந்து படிக்கறது. கேட்டா, "ஸ்பீடு பாஸ், ஸ்பீடு!"

கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டியோட சேஸிஸ் நம்பர் 17 எழுத்து. கடைசியில என்டர் சேர்த்தா 18 பைட். 9600 பாட்ல ஒரு பைட்டுக்கு 10 பிட்டுன்னா ஒயர்ல வந்து சேரவே சுமார் 19 மில்லிசெகண்ட். வர்ற பைட்டை இன்டரப்ட்ல எடுத்து பஃபர்ல பத்திரமா வைக்கற வேலையை கெர்னல்ல இருக்கற சீரியல் டிரைவர் ஏற்கனவே பண்ணுது. அப்புறம் எதை வேகமாக்கப் போறீங்க? தாமதம் ஒயர்லதானே இருக்கு!

கிடைக்கறது வேகமில்ல, ஆபத்து. சாதாரண ப்ரோக்ராம் செத்தா ஒரு செகண்ட்ல திரும்ப எழுப்பிடலாம். கெர்னல்ல ஒரு தப்பான பாயின்டர் போதும், மொத்த பொட்டியும் படுத்துக்கும். இன்னொண்ணு, இந்த வித்தைக்கு எல்லாரும் நம்பியிருந்த செட்_எஃப்எஸ், 2020 டிசம்பர்ல வந்த 5.10 கெர்னல்லயே எக்ஸ்86 பக்கம் காலி. பழைய மாட்யூல் அதுல கம்பைல் ஆகாது. சோர்ஸ் கொடுக்காத வெண்டரா இருந்தா, பழைய கெர்னலோடயே, செக்யூரிட்டி அப்டேட் இல்லாம குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

கெர்னல்ல எழுதவே கூடாதான்னா, அப்படி இல்ல. பிபிபி மாதிரி சமாச்சாரத்துக்கு லைன் டிசிப்ளின் இருக்கு. போர்டுலயே ஒட்டி வச்ச ப்ளூடூத், ஜிபிஎஸ் சிப்புக்கு 2017ல 4.11ல வந்த செர்டெவ் இருக்கு. முறையான வாசல் இருக்கும்போது ஓட்டைப் பிரிச்சு ஏன் இறங்கணும்? ஸ்கேனருக்கு அதுவும் வேணாம், யூசர் ஸ்பேஸே ஜாஸ்தி.

ஏன் இவ்ளோ கோவம்னா, ஒரு யூனிட்டுல இந்த மாதிரி மாட்யூல் ஒண்ணு நடு ஷிஃப்ட்ல பொட்டியோட சேர்ந்து உறைஞ்சு போச்சு. லைன் நின்னுச்சு. சூப்பர்வைசர் திட்டினது மாட்யூல் எழுதினவரை இல்ல, ஸ்கேனரைக் கையில வச்சிருந்த கான்ட்ராக்ட் பொண்ணை. "நீ என்னம்மா அமுக்கின?" அது ட்ரிக்கரைத் தவிர எதையும் அமுக்கல.

நாம ஏசி ரூம்ல உக்காந்து எடுக்கற டிசைன் முடிவுக்கு, டார்கெட்டைத் துரத்தி நின்னுகிட்டே வேலை பார்க்கறவங்கதான் பதில் சொல்றாங்க. அடுத்த தடவை "கெர்னல்ல போட்டுடலாமா பாஸ்?"னு யாராவது கேட்டா, அந்தப் பொண்ணை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.