பெருக்கமா? தெளிவா?

துப்பாக்கி சுடுதல் செல்வர்தம் விளையாட்டு என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாய் வேரூன்றியுள்ளது. கோலாப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியரின் மகனாய்ப் பிறந்து, இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராய்ப் பணியேற்ற சுவப்னில் குசாலே, 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அவ்வெண்ணத்திற்கு அவ்வெற்றியே தக்க மறுமொழியாகும். ஆயினும் எளிய குடும்பத்து மாணவர் இவ்விளையாட்டில் காலூன்றவேண்டுமெனில், கிடைக்கும் சிறு தொகையை எப்பொருளுக்குச் செலவிடுவது என்னும் தெளிவு அவர்க்கும் அவரை வழிநடத்துவோர்க்கும் வேண்டும். அத்தகைய பொருள்களுள் ஒன்றைக் குறித்தே ஈண்டு நம் கருத்தை முன்வைக்கிறோம்.

சுடுவோர் 'ஸ்பாட்டிங் ஸ்கோப்' என வழங்கும் சிறு தொலைநோக்கியே அப்பொருள். துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி பொருத்த ஒலிம்பிக் ரைபிள் போட்டி விதிகள் இடந்தருவதில்லை. பக்கத்தில் தனியே தாங்கியில் நிறுத்தி, குண்டு பட்ட இடத்தைக் காணவே இக்கருவி. தான் சுட்ட குண்டு எங்கே பட்டது என்றறியாமல் அடுத்த குண்டைச் சுடுபவன், இருளில் எழுதுபவனை ஒப்பான். பிழை எதுவெனத் தெரியாது. தெரியாத பிழை திருந்தாது. குண்டுகளுக்கு ஈந்த பணமும் வீணாகும்.

இக்கருவியை வாங்கப் புகுவோர் பெரும்பாலும் மயங்குவது எண்களில்தான். மலிவான கருவிகளின் மேல் '20-60×60' என்பது போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 20 முதல் 60 மடங்கு வரை பெருக்கும், முன்புற லென்சின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். அறுபது மடங்கு எனக் கண்டதும் அதுவே சிறந்ததெனக் கருதிவிடுகிறோம். உண்மை வேறு.

கணக்கு எளிது. .22 குண்டு தாளில் இடும் துளை ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர், ஒரு மிளகின் அளவு எனலாம். 50 மீட்டர் தொலைவில் அது வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. அதை 20 மடங்கு பெருக்கினால், 2.5 மீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பது போலாகும். 25 மடங்கெனில் 2 மீட்டர். அத்தொலைவில் மிளகளவு துளையைக் காணக் கண் தடுமாறுமோ? ஆதலின் 50 மீட்டருக்கு 20 முதல் 25 மடங்கே போதுமானது. 300 மீட்டரில் சுடுவோர்க்கே அதனினும் மிகுதி வேண்டப்படும். 25 மீட்டரில் பயிலும் மாணவர்க்கோ நல்ல இருகண் நோக்கி ஒன்றே பயன்தரும்.

பெருக்கம் கூடக்கூட இழப்பும் கூடும். முன்புற லென்சின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 60 மில்லிமீட்டர் லென்சில் 20 மடங்கெனில் அது 3 மில்லிமீட்டர். 60 மடங்கெனில் 1 மில்லிமீட்டரே. பிம்பம் மங்கும், சிறு அதிர்வும் பெரிதாய் ஆடும், வெயிலில் தரையிலிருந்து எழும் கானலும் உடன் பெருகி, துளையின் விளிம்பைக் கரைத்துவிடும். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தீண்டுகிறது எனப் பலர் நம்பியிருந்த காலத்தில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி நிகழ்கிறதென 11ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் அறிஞர் இப்னு அல்-ஹைஸம் நிறுவினார். வந்துசேரும் ஒளி செம்மையாய் இருந்தாலன்றி எத்துணைப் பெருக்கமும் பயன்தராது என்பது அவ்வுண்மையிலிருந்தே பெறப்படும்.

எனவே, செலவிடும் தொகை சிறிதாயின் எதனை விடுத்து எதனைக் கொள்வது? பெருக்கத்தை மாற்றும் வசதியை விடுக. 20 அல்லது 25 மடங்கு நிலைத்த பெருக்கமுடைய நல்ல கருவியைக் கொள்க. மாற்றும் வசதியுடையதே கிடைப்பினும் அதன் தாழ்ந்த பெருக்கத்தில் காணும் தெளிவைக்கொண்டே மதிப்பிடுக. கண்வைக்கும் பகுதி 45 பாகை சாய்ந்திருத்தல் நன்று. படுத்துச் சுடுபவர் முழங்கையும் தோளும் பெயராமல் தலையைச் சற்றே திருப்பிப் பார்க்க அதுவே உதவும். கண்ணாடி அணிவோர், கண்ணைச் சற்று விலக்கி வைத்தும் முழு வட்டமும் தெரிகிறதா எனக் காண்க. தாங்கிக்கென ஒரு பங்கை முன்பே ஒதுக்கிவைக்க வேண்டும். ஆடும் தாங்கியின் மேல் வைத்த விலையுயர்ந்த கருவி, அசையாத தாங்கியின் மேல் வைத்த எளிய கருவிக்குத் தோற்கும்.

கடையின் விளக்கொளியில் பார்த்து வாங்குதல் கூடாது. துளையிட்ட இலக்குத் தாளொன்றை வெளியில் 50 மீட்டரில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கரிய வட்டத்தினுள் விழுந்த துளை தெரிகிறதா, அதன் விளிம்பில் நீலமோ செந்நிறமோ கசிகிறதா, காட்சியின் ஓரங்கள் மங்குகின்றனவா என ஆராய்தல் தகும். கதிரவனை மட்டும் இதன்வழி ஒருபோதும் நோக்கலாகாது, கண்ணொளியே போய்விடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் லென்சில் பூஞ்சை படரும். ஆதலின் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைத்துக் காப்பதும் வாங்குதலைப் போன்றே இன்றியமையாதது.

'மின்னணு இலக்குகள் வந்துவிட்டன; குண்டு பட்ட இடம் திரையிலேயே தெரிகிறது; இனி இது எதற்கு?' எனக் கேட்பாருளர். பெரும்போட்டிகளைப் பொறுத்தவரை அக்கூற்று சரியே. ஆனால் அவ்வமைப்பை நிறுவும் வசதியற்ற இடங்களில் காகித இலக்கே பயிற்சிக்குத் துணை. அங்கே ஒவ்வொரு குண்டுக்கும் எழுந்து நடக்கவோ, சுற்று முடியும்வரை காத்திருக்கவோ நேரும் மாணவனுக்கு, இத்தொலைநோக்கியே உடனிருந்து உரைக்கும் ஆசானாகும்.

கல்லூரிகளுக்கும் மன்றங்களுக்கும் நாம் வேண்டுவது ஒன்றே: எண் பெரிதென்று மலிவான கருவிகள் நான்கை வாங்கி அலமாரியில் அடுக்காதீர். தெளிவான ஒன்றை வாங்கி இருவர் நடுவே வையுங்கள். ஒருவர் சுட மற்றவர் நோக்கிச் சொல்லட்டும். பிறர் பிழையை நயமாய் எடுத்துரைக்கவும், தம் பிழையைப் பிறர் உரைக்கப் பொறுமையுடன் கேட்கவும் இளைஞர் அங்கே பழகுவர். இல்லத்தில் வசதியில்லை என்னும் ஒரே காரணத்தால் குறிதவறாக் கண்ணுடைய மாணவன் எவனும் திடலைவிட்டு நீங்கலாகாது. அதனைத் தடுக்கப் பெருஞ்செல்வம் தேவையில்லை. தேர்ந்து செலவிடும் அறிவு போதும்.