சினிமாவும் வேண்டும், சித்திரக்கதையும் வேண்டும்!

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே வேறு பஸ் பிடித்துக் கிழக்கே போனால் சிவகாசி. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போன ஊர். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கு அது தாய்வீடு!

1972-ல் 'முத்து காமிக்ஸ்' அங்கே பிறந்தது. 1984-ல் 'லயன் காமிக்ஸ்' வந்தது. இரும்புக்கை மாயாவி, மாடஸ்டி, டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் ஆகிய கடல் கடந்த வீரர்கள் எல்லோரும் சிவகாசிக்கு வந்துதான் தமிழ் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

இத்தனை அருகில் இருந்தும், வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கிறது. பையன் டெலிவிஷன் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கேட்பார் இல்லை. கையில் படக்கதைப் புத்தகம் இருந்தால் மட்டும், "பாடப் புத்தகத்தை எடுடா!" என்று அதட்டல் பிறக்கிறது. "அதைத்தான் சினிமாவிலே பார்த்தாயிற்றே, புத்தகம் எதற்கு?" என்று இன்னொரு கேள்வி.

இது என்ன நியாயம்?

தேர் சொல்லும் பாடம்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் ஆண்டாள் தேர் அசைந்து வருகிறது. தேரின் அடிப்பாகம் முழுவதும் மரச் சிற்பங்கள். கோயில் தேர்ச் சிற்பங்கள் புராணக் கதைகளைச் சொல்பவை. "தேரிலே ராமரைப் பார்த்தாயிற்று, இனி ராம நாடகம் எதற்கு?" என்று கேட்ட பக்தர் உண்டா? நின்ற இடத்தில் நிற்கும் உருவத்தின் அழகு வேறு. மேடையில் ஆடிப் பாடும் உருவத்தின் அழகு வேறு. இரண்டையும் ரசித்த ஊர் இது.

சித்திரக்கதையும் சினிமாவும் அப்படித்தான். சொல்லப்போனால் அவை நெருங்கிய உறவினர்!

யார் முந்தியவர்?

ஜேம்ஸ்பாண்ட் வெள்ளித்திரைக்கு வந்தது 1962-ல். ஆனால் 1958-லேயே லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் அவர் சித்திரக்கதை வீரராகி விட்டார். மாடஸ்டி 1963-ல் சித்திரக்கதையில் பிறந்தாள். 1966-ல் சினிமாவுக்குப் போனாள். அதே 1966-ல் அமெரிக்க டெலிவிஷனில் வந்த 'பேட்மேன்' தொடரில், குத்து விழும்போதெல்லாம் படக்கதையில் வருவதுபோலவே ஓசை எழுத்துக்கள் திரையில் பாய்ந்தன.

கேப்டன் டைகரை வரைந்த பிரெஞ்சு ஓவியர் ஜான் ஜிரோ. 'ஏலியன்' (1979) படத்தின் விண்வெளி உடைகளுக்கு உருவம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்!

தமிழ்நாட்டிலும் அப்படித்தான். இரும்புக்கை மாயாவி இங்கே காலடி வைத்த அதே 1972-ல், கர்ணன் இயக்கிய 'கங்கா'வில் ஜெய்சங்கர் குதிரை ஏறித் துப்பாக்கி பிடித்தார்.

வாசகன் கையில் கடிகாரம்

உறவு இருந்தாலும் வேலை வேறு. சினிமாவில் காலம் டைரக்டர் கையில் இருக்கிறது. அவர் ஓட்டும் வேகத்தில் ரசிகன் ஓட வேண்டும். பதிலுக்கு அவர் இசையும் குரலும் ஓட்டமும் தருகிறார்.

புத்தகத்தில் காலம் வாசகன் கையில்! மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிளாஸ்கோ கறுப்பு மையில் வரைந்த அந்தக் கையை எவ்வளவு நேரமும் பார்க்கலாம். மறைந்த உடல் எங்கே நிற்கிறது? ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? அதை ஓவியர் வரையவில்லை. படிக்கிற பையனின் மனம் வரைகிறது.

அதோடு ஒரு லாபம். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் இன்று உண்டு. நீண்ட பாடத்தைக் கண்டால் அவர்கள் மிரளுகிறார்கள். படக்கதையிலோ ஒரு கட்டத்தில் நாலைந்து வார்த்தைகள்தான். அர்த்தம் புரியாவிட்டால் படம் கைகொடுக்கிறது. அடுத்து என்ன என்ற ஆவல் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது. டெலிவிஷன் எத்தனை நல்லதானாலும் இந்தப் பயிற்சியை அது தராது.

குறை இல்லாமல் இல்லை

அடிதடியும் துப்பாக்கியும் அதிகம் என்பது உண்மை. பெரியவர்கள் முதலில் புரட்டிப் பார்த்து, வயதுக்கு ஏற்றதைக் கொடுக்கட்டும். வண்ணப் புத்தகங்களின் விலை கையைக் கடிக்கிறது என்பதும் உண்மை. இரண்டு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கலாமே! பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு தட்டு சித்திரக்கதைக்கு ஒதுக்கினால் ஏழைப் பிள்ளைக்கும் கிடைக்குமே!

"சினிமா எடுத்துக் கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று முகம் சுளிக்கும் பழைய காமிக்ஸ் ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் கண்ட வீரனைத் தேடிப் புத்தகத்துக்கு வரும் பிள்ளையும் உண்டு. அவனை விரட்ட வேண்டாம்.

அடுத்த முறை சினிமாவுக்கு அழைத்துப் போகும் அப்பா, திரும்பும்போது ஒரு சித்திரக்கதையும் வாங்கிக் கொடுக்கட்டும். எதில் எது நன்றாக இருந்தது என்று பிள்ளையிடம் கேட்கட்டும். பதில் சொல்ல அவன் மறுபடி புத்தகத்தைப் புரட்டுவான். அதுதானே வேண்டும்!