யாருடைய வலப்பக்கம்? ஒரு புதிர் விளையாட்டும் நமது அவசரத் தீர்ப்புகளும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

கைப்பேசி விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் தீர்ப்பு வழங்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ‘வீண்’ என்போம், ‘ஹராம்’ என்போம், ‘ஷைத்தானின் வலை’ என்போம். அது எத்தகைய விளையாட்டு, அதில் என்ன நடைபெறுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வோம் என்ற எண்ணம் எழுவதில்லை. அந்த அவசரத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். எதிர்க்கப்படுவோர் வரிசையில் முதலில் நிற்பவர் நாமே என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறோம்.

சில வாரங்களுக்கு முன், வெள்ளிக்கிழமை விடுமுறையன்று, அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். பாட நேரமுமன்று, தொழுகை நேரமுமன்று. ஆயினும் சக மாணவர்கள் முன்னிலையில் அவரைக் கண்டித்துக் கைப்பேசியை வாங்கிக்கொண்டோம். “ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், உஸ்தாத்” என்றார் அவர். அச்சொல் நமக்குச் சினமூட்டியது. இருப்பினும் பார்த்தோம்.

ஐந்து விருந்தினர், நான்கு குறிப்புகள்

அது இருக்கைப் புதிர். ஒரு திருமண விருந்து, நீண்ட மேசைக்குப் பின்னே ஐந்து நாற்காலிகள், ஐந்து விருந்தினர். யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதைக் குறிப்புகளைக் கொண்டு கண்டறிய வேண்டும். விளையாட்டில் இருந்த அயல்நாட்டுப் பெயர்களை விடுத்து, நமக்குப் பழகிய பெயர்களையிட்டுச் சொல்கிறோம்: அனஸ், பிலால், ஜாபிர், ஹம்ஸா, தாவூத். குறிப்புகள் நான்கு.

ஒன்று, ஜாபிர் நடு இருக்கையில் அமர்ந்திருக்கிறார். இரண்டு, அனஸ் இரு ஓரங்களில் எதிலும் இல்லை. மூன்று, அனஸுக்கு வலப்பக்கத்தில் அடுத்து அமர்ந்திருப்பவர் பிலால். நான்கு, ஹம்ஸாவும் ஜாபிரும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றனர்.

ஐந்து பேரை ஐந்து இருக்கைகளில் 120 விதமாக அமர்த்தலாம். முதற்குறிப்பு அதை 24 ஆகக் குறைக்கிறது. இரண்டாவது குறிப்பின்படி அனஸ் இரண்டாம் இருக்கையில் இருக்க வேண்டும் அல்லது நான்காம் இருக்கையில் இருக்க வேண்டும், 12 எஞ்சுகின்றன. மூன்றாவது குறிப்பு, அனஸ் எந்தப் பக்கத்தில் அமர்ந்தால் அவருக்கு வலப்பக்கத்தில் ஜாபிர் வந்துவிடுவாரோ அந்தப் பக்கத்தை நீக்கிவிடுகிறது, இரண்டே எஞ்சுகின்றன. நான்காவது குறிப்பு அவற்றுள் ஒன்றைத் தள்ளிவிட, விடை ஒன்றாகிறது. தாவூதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. மற்ற நால்வரும் அமர்ந்தபின் மிஞ்சிய இருக்கை அவருடையது.

நாம் அவ்வாறே செய்தோம். இடமிருந்து வலமாக தாவூத், ஹம்ஸா, ஜாபிர், அனஸ், பிலால் என அமர்த்திப் பெருமிதத்துடன் பொத்தானை அழுத்தினோம். தவறு என்று சிவப்பு அடையாளம் தோன்றியது. மீண்டும் சரிபார்த்தோம். நான்கு குறிப்புகளும் பொருந்தின, முரண்பாடு எதுவுமில்லை. “விளையாட்டில்தான் பிழை இருக்கிறது” என்று அதற்கும் ஒரு தீர்ப்பு வழங்கினோம்.

மாணவர் மெல்லச் சொன்னார்: “உஸ்தாத், அவர்கள் நம்மைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய வலது நமக்கு இடது.”

ஐவரின் முகங்களும் திரையில் தெளிவாகத் தெரிந்தன. அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டே அவர்களுடைய வலப்பக்கத்தை நம்முடைய வலப்பக்கமாக எண்ணியிருக்கிறோம்! சரியான விடை பிலால், அனஸ், ஜாபிர், ஹம்ஸா, தாவூத். நாம் அமர்த்தியதற்கு நேர் எதிர். படிக்குப் படி நமது வாதத்தில் குறையில்லை. முதற்படி மட்டும் நமது காலடியில் இருந்தது. இருக்க வேண்டிய இடமோ அனஸின் நாற்காலி.

இது நமக்கு அந்நியமான கலையா?

‘இதெல்லாம் மேலைநாட்டார் மூளைக்குக் கொடுக்கும் தீனி, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்போர் உண்டு. உஸூலுல் ஃபிக்ஹ் ஓதிய எவரும் இவ்வாறு கேட்கலாகாது. சாத்தியமான அனைத்தையும் வரிசைப்படுத்தி, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்கி, எஞ்சியதைக் கொள்ளும் முறைக்கு நம் அறிஞர்கள் இட்ட பெயர் ‘அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்’. மது ஏன் தடுக்கப்பட்டது? அதன் நிறத்தாலா? அது நீர்மமாக இருப்பதாலா? திராட்சையிலிருந்து வருவதாலா? இவை ஒவ்வொன்றும் தடையில்லாப் பொருள்களிலும் உண்டு. எஞ்சுவது போதை ஒன்றே. இந்த உதாரணத்தை ஓதாத மாணவர் இரார்.

குர்ஆனிலேயே இம்முறை உண்டு. கால்நடைகளுள் சிலவற்றைத் தாமாகவே விலக்கிக்கொண்ட அரபு இணைவைப்பாளர்களிடம் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 143, 144ஆம் வசனங்கள் வரிசையாகக் கேட்கின்றன: தடுக்கப்பட்டவை ஆண் இனங்களா, பெண் இனங்களா, கருவறைகளில் இருப்பவையா? எதைச் சொன்னாலும் அவர்களுடைய வழக்கம் அதனோடு முரண்படுகிறது. இமாம் ஸுயூத்தி (ரஹ்) ‘அல்இத்கான்’ நூலில் அஸ்ஸப்ரு வத்தக்ஸீமுக்கு இவ்வசனங்களையே சான்றாக்குகிறார்கள்.

தர்க்கக் கலையான மன்திக்கை எதிர்த்த பெரியோர்களும் இருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘அல்முஸ்தஸ்ஃபா’வின் முன்னுரையை மன்திக்குக்கு ஒதுக்கினார்கள், இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அக்கலையை மறுத்துப் பெருநூல் எழுதினார்கள். ஆனால் அந்த மறுப்பும் ஆதாரத்தை வைத்து, எதிர்வாதத்தை எடுத்துக் கூறி, படிப்படியாக எழுதப்பட்டதே. சிந்திக்காதீர்கள் என்று இரு தரப்பாரும் சொல்லவில்லை.

ஊகமும் கணக்கும்

அப்படியாயின் எல்லா விளையாட்டும் ஆகுமானதா? இல்லை. நம் ஃபுகஹாக்கள் இங்கே ஒரு கோட்டை வரைந்துள்ளார்கள். கணக்கையும் சிந்தனையையும் சார்ந்தது ஒரு வகை; ஊகத்தையும் தற்செயலையும் சார்ந்தது மறுவகை. பகடை இரண்டாம் வகை. அதைக் கண்டிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இவ்வேறுபாட்டை ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளனர். சதுரங்கத்தை அம்மத்ஹபினர் வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தினர். ஹனஃபீ மத்ஹபின் நிலைப்பாடு அதைவிடக் கடுமையானது. பந்தயம் கூடாது, தொழுகை தவறக்கூடாது, நாவு கெடக்கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

இந்தக் கோட்டை விளையாடும் இளைஞர்களும் கவனிக்க வேண்டும். ஒரே புதிரை இரு விதமாக விளையாடலாம். குறிப்புகளைப் படித்து, நீக்கி நீக்கி விடையை அடைவது ஒன்று. பச்சை விளக்கு எரியும்வரை ஆளை மாற்றி மாற்றி அமர்த்திப் பார்ப்பது மற்றொன்று. திரை ஒன்றே, முன்னதில் சிந்தனை, பின்னதில் வெறும் ஊகம்.

அடுத்தது உதவிப் பொத்தான். சற்றே சிரமம் வந்தவுடன் அதை அழுத்தினால், ‘அரை நிமிடம் விளம்பரம் பார், ஓர் இருக்கையை நிரப்பித் தருகிறேன்’ என்கிறது விளையாட்டு. அந்த விளம்பரத்தில் எது வரும் என்பது நம் கையில் இல்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திற்கான அழைப்பும் வரக்கூடும். அல்மாயிதா 90ஆம் வசனம் தடுத்த சூது, புதிரின் வாசலில் வந்து நிற்கிறது. அது ஒருபுறமிருக்க, சிந்திப்பதற்காக எடுத்த விளையாட்டில் சிந்தனையையே விலைக்கு விற்றுவிட்டால் மிஞ்சுவது என்ன? கழிந்த நேரம் மட்டுமே. அப்போது அதை ‘வீண்’ என்று சொல்பவரோடு நாமும் சேர்ந்துகொள்வோம்.

எதில் பாதி?

இனி நமது முதன்மையான குற்றச்சாட்டுக்கு வருகிறோம். குறிப்புகளை முழுமையாகப் படிக்காமல் விடை சொல்லும் நோய் விளையாட்டோடு நிற்பதில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள். ‘தந்தை இறந்துவிட்டார். மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு எவ்வளவு பங்கு?’ என்று ஒருவர் கேட்கிறார். ஐந்தே நிமிடத்தில் ‘பாதி’ என்று விடை வருகிறது. கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

எதில் பாதி? அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனப்படி, இறந்தவருக்கு மகன் இல்லாமல் ஒரே மகள் இருந்தால் சொத்தில் பாதி. மகனும் இருந்தால், மகனுக்குக் கிடைப்பதில் பாதி. வேறு வாரிசு எவருமின்றி ஒரு மகனும் ஒரு மகளும் மட்டும் இருப்பின், 12 இலட்ச ரூபாயில் மகளுக்கு 4 இலட்சம். சொத்தில் பாதி என்று கொண்டால் 6 இலட்சம். ‘பாதி’ என்ற ஒரே சொல், யாரிடமிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வேறாகிவிடுகிறது, ‘வலப்பக்கம்’ மாறியதைப் போல. இறந்தவருக்கு மனைவி உண்டா? பெற்றோர் உயிருடன் உள்ளனரா? கடன் அடைக்கப்பட்டதா? மரண சாசனம் உண்டா? இக்குறிப்புகளில் ஒன்றையும் கேளாமல் எப்படி இருக்கைகளை நிரப்பினீர்கள்?

இதைவிடக் கொடிய பிழை ஒன்றுண்டு. ‘கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி அவளுக்கு என்ன பங்கு?’ என்று சகோதரர்கள் சொல்வதை நாம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! தந்தை உயிருடன் இருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. அவர் இறந்தபின் விட்டுச்செல்வது வாரிசுரிமை. முன்னது பின்னதை அழிக்காது. ஆனால் அந்தச் சகோதரரிடம் பேசிப் பாருங்கள்: செலவுக் கணக்கு இருக்கும், சாட்சிகள் இருப்பர், ஊர் வழக்கம் இருக்கும், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். நாம் தாவூதை முதல் நாற்காலியில் அமர்த்தியபோதும் எல்லாம் பொருந்தத்தான் செய்தது! அவர் தம் வலக்கையைக் கொண்டு தம் சகோதரியின் வலப்பக்கத்தைத் தீர்மானிக்கிறார். எதிரே அமர்ந்திருப்பவளின் முகம் அவருக்குத் தெரிகிறது. அவள் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை.

புதிரில் பிழைத்தால் ஓர் இதயச் சின்னம் குறையும், மீண்டும் ஆடலாம். இங்கே பிழைத்தால் ஒரு பெண்ணின் உரிமை போகிறது. மறுமையில் அதற்கு விடை சொல்ல வேண்டும்.

சபையில் ஒரு சிறுவர்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் நிகழ்ந்த ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அவர்களிடம் பானம் கொண்டுவரப்பட்டது. அருந்தினார்கள். அவர்களின் வலப்பக்கத்தில் ஒரு சிறுவர், இடப்பக்கத்தில் முதியவர்கள். முறைப்படி அடுத்து வலப்பக்கத்தில் இருப்பவருக்கே தர வேண்டும். முதியவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று அச்சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று அவர் மறுத்தார். பாத்திரத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

வயதும் மதிப்பும் மறுபக்கத்தில் இருந்தன. ஆயினும் உரிமை எங்கே அமர்ந்திருந்ததோ அங்கேயே அதைக் கொண்டு சேர்த்தார்கள். சிறுவர்தானே என்று கேளாமலே கடந்து செல்லவில்லை. ஓர் உஸ்தாதாக இந்த ஹதீஸைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஆயினும் ஒரு மாணவரின் கைப்பேசியை அவரைக் கேளாமலே வாங்கிக்கொண்டபோது அது நம் நினைவுக்கு வரவில்லை.

நாம் செய்ய வேண்டியது

கைப்பேசியை எல்லா மாணவர் கையிலும் கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. இருக்கைப் புதிருக்குக் கைப்பேசியே தேவையில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். உஸூல் பாடத்தில் அஸ்ஸப்ரு வத்தக்ஸீம் வரும்போது இத்தகைய புதிர் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம். ஃபராயிள் பாடத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் முன்பு, ‘இன்னும் என்னென்ன குறிப்புகள் வேண்டும்?’ என்று மாணவர்களைக் கேட்கச் செய்யலாம். அரசுப் போட்டித் தேர்வுகளின் திறனறிப் பகுதியிலும் இருக்கைப் புதிர்கள் இடம்பெறுகின்றன. நம் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பயன். பெற்றோரே, பிள்ளை விளையாடுவதைக் கண்டால் பறிக்கும் முன் அருகில் அமர்ந்து பாருங்கள். தடுக்கத்தக்கதாயின் அறிந்து தடுங்கள்.

அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்று அல்இஸ்ரா 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்கிறது. அந்த விசாரணை வாட்ஸ்அப் முஃப்திகளுக்கும் உண்டு. மதரஸா உஸ்தாதுகளுக்கும் உண்டு.

மறுநாள் காலை, எந்த மாணவர்களின் முன்னிலையில் கண்டித்தோமோ அதே மாணவர்களின் முன்னிலையில் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தோம். நேற்று நாம் தவறாகத் தீர்ப்பளித்தோம் என்றும் சொன்னோம். பிறகு ஐந்து பெயர்களையும் நான்கு குறிப்புகளையும் கரும்பலகையில் எழுதினோம். முதலில் கையுயர்த்திய மாணவர் விடை எதுவும் சொல்லவில்லை, “அவர்கள் எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள், உஸ்தாத்?” என்று கேட்டார்.

கேட்டறிந்தபின் தீர்ப்பளிப்போராகவும், பிறர் உரிமையை அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து காண்போராகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.