கராஜில் வேலை பழகும் நம் பிள்ளைகள்

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு நம் பையன்கள் மலையை விட்டு இறங்குகிறார்கள். சிலர் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். சிலர் ஹட்டன், நாவலப்பிட்டி, பண்டாரவளைப் பக்கம் கராஜ்களில் சேர்கிறார்கள். "தொழில் பழகுறான்" என்று லயத்தில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையில் தவறில்லை. ஆனால் அங்கே அவன் எதைத் தொடுகிறான், எதைச் சுவாசிக்கிறான் என்பதும் நம் வீட்டுக் கேள்விதான்.

பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதுவார்கள், அல்லது காற்றுக் குழாயால் அடிப்பார்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் நோய் தெரிய 20, 30 வருடங்கள்கூட ஆகலாம். அப்போது அந்தக் கராஜ் எங்கே, முதலாளி எங்கே? ஊதாமல் நனைத்துத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டால் தூள் பறக்காது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எல்லாவற்றிலும் நாம் அதிகம் பயப்படுவது பற்றரிக்குத்தான். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உள்ளே கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது வரும் வாயு ஒரு தீப்பொறியில் வெடிக்கும். பழைய பற்றரியை உடைத்து ஈயம் உருக்கி விற்கிறவர்களும் உண்டு. அந்த வேலைக்கு எந்தக் கூலி கொடுத்தாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது. ஈயத்தூள் அவனோடு நிற்காது, உடுப்போடு லயத்துக்கு வரும். சமையலும் படுக்கையும் ஒரே காம்பராவில் இருக்கும் வீட்டில் தவழும் குழந்தையின் வாய்க்குள் போகும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நம் நாட்டில் நின்றுவிட்டது, பற்றரியில் ஈயம் நிற்கவில்லை. வேலை உடுப்பைக் கராஜிலேயே மாற்ற வேண்டும், வீட்டில் தனியாகத் துவைக்க வேண்டும்.

பெற்றோலை வாயால் உறிஞ்சி இழுக்கும் பழக்கம் தோட்டத்திலும் உண்டு. கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலே ஆபத்து. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கழிவு ஒயிலைக் கானில் ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கீழ் லயத்துக்காரர்கள் பிடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

கையுறை, முகக்கவசம் வாங்கித் தருவது முதலாளியின் கடமை. "பழகுற பையன்தானே" என்று கைச்செலவுக்குக் காசு கொடுத்து முடிக்க முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் ஒருவர் மட்டும் இருந்தாலும் முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பதே 2021 முதல் சட்டத்துக்கு விரோதம்.

கொழுந்து எடுப்பவருக்கு மட்டும்தான் சங்கம் என்று எங்கும் எழுதியில்லை. தோட்டத் தலைவர்மார் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் தோட்டத்திலிருந்து கராஜ்களுக்குப் போயிருக்கும் பிள்ளைகளின் பெயர், வயது, வேலை செய்யும் இடம் ஆகியவற்றை எழுதிக் கொண்டுவாருங்கள். தொழில் திணைக்களத்துக்கு அந்தப் பட்டியலோடு போவோம்.