அஞ்சு வாட்டுன்னு எதை வச்சு சொல்றீங்க?

லைசென்ஸ் எடுத்து ஹாம் ரேடியோ பேசுற பட்டணத்து நண்பர்கள் சிலர் "என் செட்டு பத்து வாட் போடுது" என்பார்கள். எதுல அளந்தீங்கன்னு கேட்டா, ஆன்லைன்ல வாங்கின மீட்டர் காட்டுதே என்பார்கள். அந்த மீட்டர் சரியான்னு கேட்டா பதில் இருக்காது. வியாபாரி தராசை நம்பி நெல் விற்கிற எங்களுக்கு இந்தக் கேள்வி தானா வந்துடும். வீட்டுல ஒரு தடவை நிறுத்துப் பார்க்காம மூட்டையை வண்டியில ஏத்த மாட்டோம்.

எவ்வளவு தப்பு காட்டும்னு தெரிஞ்ச வீட்டு மீட்டர், அது தெரியாத கடை மீட்டரைவிட மேல். என் கட்சி அதுதான்.

செய்யறது பெரிய வித்தை இல்லை. 1,000 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் 20 எண்ணத்தை இணையாகப் பற்றவைத்தால் 50 ஓம் வரும். ஆண்டெனாவுக்குப் பதிலா இதை மாட்டினா, செட்டோட சக்தி முழுக்க இதுலயே சூடாகிப் போகும். கம்பி சுற்றின ரெசிஸ்டர் மட்டும் ஆகாது; ரேடியோ அலைக்கு அது காயில் மாதிரி ஆயிடும். ரெசிஸ்டர் மேல் ஒரு 1என்4148 டயோடு, அடுத்து 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதன் குறுக்கே மல்டிமீட்டர். காட்டுற வோல்ட்டோட, டயோடு முழுங்கின 0.6-ஐக் கூட்டி, வந்ததை அதாலேயே பெருக்கி 100-ஆல் வகுத்தா வாட். 21.8 காட்டினா 22.4 ஆச்சு; 5 வாட். டயோடை விட்டுட்டா 4.75 தான் வரும்.

இதுக்கும் எல்லை உண்டு. 0.1 வாட் அளவுல டயோடு முழுங்குறது கணிசமான பங்கு, கணக்கு நிக்காது. 10 வாட்டுக்கு மேல போனா இந்த டயோடு தாங்குற 75 வோல்ட்டை நெருங்கிடும். வோல்ட்டுல 3 சதவீதம் பிசகினா வாட்டுல 6 சதவீதம் பிசகும்.

சரிபார்க்க மருந்தடிக்கிற ஸ்பிரேயர் பேட்டரி போதும். ரெசிஸ்டர் கட்டை ஒரு சின்ன டப்பா எண்ணெயில முக்கி, 12.6 வோல்ட் பேட்டரியை அஞ்சு நிமிஷம் கொடுங்க. அது 3.2 வாட், இதுல சந்தேகமே கிடையாது. எண்ணெய் எத்தனை டிகிரி ஏறுதுன்னு குறிச்சுக்கங்க. ஆறவிட்டு, அதே அஞ்சு நிமிஷம் செட்டைக் கொடுத்து அதே அளவு ஏறுற மாதிரி குறைச்சு வையுங்க. மல்டிமீட்டர் 17.3 பக்கம் காட்டணும். காட்டினா உங்க மீட்டர் தேறிடுச்சு. கடை மீட்டரையும் இதே மாதிரி நிறுத்திப் பாருங்களேன்!

4.75-க்கும் 5-க்கும் எதிர்ல கேக்கிறவர் காதுல ஒரு வித்தியாசமும் தெரியாது, வாஸ்தவம். ஆனா போன மாசம் 5 காட்டினது இந்த மாசம் 3 காட்டினா, ஆண்டெனா கம்பியைப் பார்க்க தென்னை மரம் ஏற வேண்டியதில்லை. கோளாறு செட்டுக்குள்ள, இல்லேன்னா அதுக்குக் கரண்டு கொடுக்கிற பேட்டரியில.